கல்லறைக்கல்லில் 1731/2 என்று இருக்கிறது, கல் தப்பா பதிவேடு தப்பா?

கேள்வி, பிப்ரவரி 11

அக்கா, மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊர் சர்ச் வளாகத்தில் ஏதாவது ஒரு கல்லறையை எடுத்துக்கொண்டு, அந்த ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். நாங்கள் இருப்பது லெஸ்டர்ஷயரும் நாட்டிங்கம்ஷயரும் தொட்டுக்கொள்கிற பக்கம், பீவர் சமவெளியில் ஒரு சின்ன ஊர். மகள் பிடித்தது ஒரு சிலேட்டுக் கல். மேலே சிறகு வைத்த ஒரு முகம். ஆள் விவசாயி. இறந்தது பிப்ரவரி மாதம், வருடம் 1731, பக்கத்தில் ஒரு சாய்கோடு, அப்புறம் 2. '63-ஆவது வயதில்' என்று வெட்டியிருக்கிறது. சர்ச் பதிவேட்டு நகலில் அடக்கம் 1731 பிப்ரவரி, ஞானஸ்நானம் 1669 மே. எப்படிக் கழித்தாலும் 61-தான் வருகிறது. எதில் தப்பு?

பிப்ரவரி 11, இரவு

கல்லில்தான் தப்பு இருக்கும் என்று நினைக்கிறேன், தம்பி. அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் எழுத்தை விட்டுவிடுவதும், விட்டதை வரிக்கு மேலே பொடியாகச் செருகுவதும் சகஜம். நானே நாலைந்து பார்த்திருக்கிறேன். ஒரு கல்லில் வரி முடிகிற இடத்தில் இடம் போதாமல், கடைசி இரண்டு எழுத்தை மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே தொங்கவிட்டிருந்தார்கள். 1731 என்று வெட்டிவிட்டு, வீட்டுக்காரர்கள் வந்து 'இல்லை, 32' என்று சொன்னதும் பக்கத்தில் 2 போட்டிருக்கலாம். சிலேட்டில் அழிக்க முடியாதே. கல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்ததாக இருக்கும்.

பிப்ரவரி 12, காலை 5 மணி

இரவு சொன்னதை விட்டுவிடுங்கள். தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டே கிடந்தேன், பிப்ரவரி என்று நீங்கள் எழுதியது நாலு மணிக்கு மேல்தான் மண்டையில் உறைத்தது.

இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி வருடம் பிறந்தது ஜனவரி 1 அன்று இல்லை, மார்ச் 25 அன்று. மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன திருநாள் அது. அதனால் 1731 டிசம்பர் 31-க்கு மறுநாள் 1731 ஜனவரி 1. பிப்ரவரி முழுக்க 1731. மார்ச் 24 வரைக்கும் 1731. மறுநாள்தான் 1732. ஆனால் ஜனங்களுக்கு ஜனவரி 1-ஐயும் புத்தாண்டாகத் தெரியும். ஸ்காட்லாந்தில் 1600-லேயே ஜனவரிக்கு மாறிவிட்டார்கள். இரண்டு கணக்கும் புழங்கிக்கொண்டிருந்ததால், ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை விழுகிற தேதிக்கு மட்டும் இரண்டு வருடத்தையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. 1731/2 என்றால் சட்டக் கணக்கில் 1731, நம் கணக்கில் 1732.

ஆக கல்தச்சர் தடுமாறவே இல்லை. நாம் குழம்பக் கூடாது என்றுதான் அந்த 2-ஐ வெட்டியிருக்கிறார். அவர் மேல் பழி போட்டுவிட்டேனே என்று மனசு உறுத்துகிறது. பதிவேடு எழுதிய பாதிரியாரும் தப்பு செய்யவில்லை, அவர் சட்டக் கணக்கை மட்டும் எழுதினார்.

பிப்ரவரி 12, மாலை

இப்போது 1669 மே முதல் 1732 பிப்ரவரி வரை என்று வைத்தாலும் 62-தான் வருகிறது. இன்னும் ஒரு வருடம் இடிக்கிறது. பிறந்து பல மாதம் கழித்து ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் சரியாகிவிடும், ஆனால் அந்தக் காலத்தில் குழந்தை தங்குமோ தங்காதோ என்ற பயத்தில் சில நாளிலோ சில வாரத்திலோ கொடுத்துவிடுவார்கள். கல்லில் உள்ள வரியை அப்படியே பார்க்க வேண்டும். ஒரு படம் போடுங்கள்.

பிப்ரவரி 14

படத்துக்கு நன்றி. விடை வரியிலேயே இருக்கிறது. 'வயது 63' என்று இல்லை, 'தன் வயதின் 63-ஆவது வருடத்தில்' என்று இருக்கிறது. இது நமக்குப் புதுசே இல்லை. ஊரில் தாத்தாவிடம் வயது கேட்டால் 'அறுபத்து மூணு நடக்குது' என்பாரே, அதேதான். 62 முடிந்து 63 நடப்பு. 1669 மே மாதத்தில் பிறந்தவருக்கு 1732 பிப்ரவரியில் 63 நடப்பு. கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு வருடத்தைப் பஞ்சாங்கம் தின்றது, இன்னொரு வருடத்தை நாம் வாசித்த விதம் தின்றது. மகளிடம் 'நடக்குது', 'முடிஞ்சுது' என்று தமிழிலேயே சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.

பிப்ரவரி 15

இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன். படத்தில் ஒய் எழுத்தும் அதன் தோளில் குட்டியாக ஓர் ஈ எழுத்தும் இருப்பதை 'யீ' என்று படிக்கக் கூடாது, 'தி'தான். பழைய ஆங்கிலத்தில் அந்த 'த' ஒலிக்குத் தனி எழுத்து இருந்தது, பெயர் தார்ன். அது வழக்கொழிந்துகொண்டிருந்தபோது கையெழுத்தில் ஒய் போலவே ஆகிவிட்டது. அதே மாதிரி சொல்லின் நடுவே எஃப் போல நிற்பது நீண்ட எஸ்.

பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு, அஃபிடவிட் என்ற சொல்லின் சுருக்கம். இங்கிலாந்துக் கம்பளித் தொழிலைக் காப்பாற்ற 1666-லும் 1678-லும் சட்டம் போட்டார்கள், பிணத்தைக் கம்பளியில்தான் பொதிந்து புதைக்க வேண்டும் என்று. அப்படித்தான் புதைத்தோம் என்று சத்தியம் செய்து தாள் கொடுக்காவிட்டால் 5 பவுண்டு அபராதம். சட்டப் புத்தகத்திலிருந்து அதை எடுத்தது 1814-இல். செத்தவன் போர்த்திக்கொள்வதற்குக் கூடச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும்.

பிப்ரவரி 18

வேல்ஸ் என்று முதல் நாள் சொன்னேன், அதுவும் சந்தேகமாக இருக்கிறது. தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். கல்லுக்குப் பின்னால் போய் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கிறதா, கரடுமுரடாக இருக்கிறதா?

பிப்ரவரி 19

கரடுமுரடு, அடியில் தடிமனும் மேலே மெலிவும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது ஸ்வித்லண்ட் சிலேட்டு. வேல்ஸ் இல்லை.

ஸ்வித்லண்ட் என்பது லெஸ்டருக்கு வடமேற்கே, சார்ன்வுட் காட்டுப் பக்கத்தில் இருக்கிற சிற்றூர். ரோமர்கள் காலத்திலேயே அந்தக் கல்லை உடைத்து லெஸ்டர் நகரத்துக் கூரைகளில் போட்டிருக்கிறார்கள். வேல்ஸ் சிலேட்டு போல அப்பளமாகப் பிளக்காது, தடியாகத்தான் வரும். அதனால் கல்லறைக்கு வரும்போது முகத்தை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கி எழுத்து வெட்டுவார்கள், முதுகைப் பாறையில் பிளந்தபடியே விட்டுவிடுவார்கள். முதுகைத் தொட்டாலே தெரிந்துவிடும். பின்னால் கால்வாயும் ரயிலும் வந்து வேல்ஸ் சிலேட்டு மலிவாக இறங்க ஆரம்பித்ததும் இந்தத் தொழில் நொடித்தது. 1880-களின் கடைசியில் குழிகள் மூடப்பட்டன. ஸ்வித்லண்ட் காட்டில் பெரிய குழி இப்போது நீர் நிரம்பிக் கிடக்கிறது, சுற்றிலும் வேலி. நீலமணிப் பூ பூக்கும் மாதத்தில் போனால் அந்த இடத்தில் ஆட்கள் உளி அடித்தார்கள் என்று நம்பவே முடியாது.

பீவர் சமவெளியில் சிலேட்டு கிடையாது, களிமண் பூமி. உங்கள் விவசாயியின் கல் 20 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் வந்திருக்க வேண்டும். சோர் ஆற்றில் லஃப்பரோ வரை படகு வர வழி செய்ததே 1778-இல்தான். 1732-இல் மாடோ குதிரையோ சேற்றில் இழுத்த கல் அது.

பிப்ரவரி 20

பீவரை ஏன் பெல்வார் என்று எழுதுகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுத்து நார்மன் பிரெஞ்சு, 'அழகான காட்சி' என்று பொருள். உள்ளூர் வாய் அதைப் பீவர் ஆக்கிவிட்டது. பேருந்தில் பெல்வார் என்று சொன்னால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார்.

மார்ச் 3

நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். லஃப்பரோவிலிருந்து முக்கால் மணி நேரம். வீட்டுக்காரர் வண்டியிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். தம்பியும் மகளும் வாசலில் நின்றார்கள்.

11 மணிக்குப் பார்த்தபோது கல் வெறும் சாம்பல் பலகையாக இருந்தது. எழுத்து இருக்கிறது, ஆனால் தட்டையாக, சுவரொட்டி மாதிரி. கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். கல் கிழக்கு பார்த்து நிற்கிறது. உச்சிவேளையில் சூரியன் தெற்கே வரும்போது வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும். 12:10 வாக்கில் அது நடந்தது. முதலில் சிறகின் ஓரம் எழுந்தது. ஒவ்வொரு இறகுக்கும் ஒரு நிழல். அப்புறம் உப்பிய இரண்டு கன்னம், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகப் பட்டி. அதற்குக் கீழே வரிகள் ஒவ்வொன்றாக. உளி உள்ளே போன ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 290 வருடம் மழையிலும் உறைபனியிலும் நின்றும், எழுத்தின் ஓரம் நகத்தில் தட்டுகிற அளவுக்குக் கூர்மை.

குனிந்து கிட்டத்தில் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒவ்வொரு வரிக்கும் மேலேயும் கீழேயும் ஊசியால் கீறியது போல இரண்டு மெல்லிய கோடு. எழுத்து நேராக நிற்கக் கல்தச்சர் போட்டுக்கொண்ட கோடு. நாம் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் பல்பத்தால் இரண்டு கோடு போட்டு நடுவில் 'அ' எழுதுவோமே, அதே சிலேட்டு, அதே இரண்டு கோடு. வேலை முடிந்ததும் அவர் அதைத் தேய்த்து எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அந்த 1731-க்கும் 2-க்கும் கீழே கோடு அறுபடாமல் ஓடுகிறது, எண்களுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. 2 பின்னால் திணித்தது இல்லை, முதலிலேயே இடம் விட்டுத் திட்டமிட்டு வெட்டியது. முதல் இரவு நான் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

பக்கத்தில் இருந்த சுண்ணாம்புக் கல்லறைகளில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை. சோப்புக்கட்டி கரைந்த மாதிரி வழுக்கிக் கிடக்கின்றன. அவையும் யாருக்கோ அப்பா அம்மாதான்.

மார்ச் 4

சாக்பீஸ் தடவினால் எழுத்து தெரியுமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஷேவிங் கிரீம், மாவு, கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். பன்னிரண்டு வருடம் முன்னால் நான் ஒரு மணற்கல்லில் மாவு தடவினேன். எழுத்து அழகாகத் தெரிந்தது, படமும் எடுத்தேன். அடுத்த வருடம் போனபோது அந்த இடத்தில் பச்சைப்பாசி ஏறி, மேல்தோல் உரிந்திருந்தது. மாவால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இன்றும் அந்தக் கல்லைக் கடந்து போகும்போது கால் தயங்குகிறது.

வேண்டியது வெளிச்சம் மட்டும். சூரியன் ஒத்துழைக்காவிட்டால் கண்ணாடி வைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பலாம், இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடிக்கலாம். சிலேட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதால் கெடுதல் இல்லை. விரலால் தட்டும்போது 'டொப்' என்று வெற்றிடச் சத்தம் வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, அப்புறம் தொடாதீர்கள். நான் பார்த்த இன்னொரு வளாகத்தில் புல்வெட்டும் இயந்திரம் உரசி உரசி ஒரு கல்லின் அடி முழுக்கப் பொரிந்துபோயிருந்தது. முந்நூறு வருடம் தாங்கிய கல், நாலு கோடைகாலத்தில்.

மார்ச் 10

அந்தச் சிறகு வைத்த முகத்துக்குப் பெயர் இருக்கிறது: பீவர் தேவதை. 1690-களிலிருந்து 1760 வரை இந்தச் சமவெளியையும் அதைச் சுற்றியும் உள்ள ஊர்களில் மட்டும் புழங்கிய வேலைப்பாடு, முந்நூறுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. ஹிக்லிங் ஊர் சர்ச் வளாகத்தில் மட்டும் முப்பதுக்கு மேல். நேற்று அங்கே போனேன். எல்லா முகமும் ஒன்று போலத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. ஒன்றுக்குக் கன்னம் உப்பல், ஒன்றுக்கு வாய் கோணல், ஒன்று இப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. சிலதில் மணற்கடிகாரம், சிலதில் குறுக்கே போட்ட எலும்பு.

அங்கே ஒரு பாட்டு இருக்கிறது. இங்கிலாந்தில் வேறு ஊர்க் கல்லறைகளிலும் உண்டு. உலகம் ஒரு நகரம், அதில் தெருவெல்லாம் வளைசல். சாவு அதன் சந்தை, எல்லாரும் வந்து கூடுகிற இடம். உயிர் மட்டும் காசுக்குக் கிடைக்கிற சரக்காக இருந்தால் பணக்காரன் என்றைக்கும் இருப்பான், ஏழை மட்டும் சாவான். கல் வாங்கவே வசதியில்லாதவர்கள் அதே வளாகத்தில் புல்லுக்குக் கீழே இருக்கிறார்கள். அந்த நாலு வரியை அவர்கள் பக்கம் நின்று படித்தேன்.

மார்ச் 17

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்வித்லண்ட் சிலேட்டு எவ்வளவு பழைய பாறை என்று புவியியலாளர்கள் ரொம்ப நாள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: கேம்பிரியன் என்ற புவிக்காலத்துக்கு முந்தையது என்று. சார்ன்வுட்டின் மற்றப் பழைய பாறைகள் பெரும்பாலும் அப்படித்தான். 1957-இல் பள்ளிப் பையன்கள் பாறை ஏறப் போய்க் கண்டெடுத்த சார்னியா, கேம்பிரியனுக்கு முந்தைய கடல் உயிரின் புதைபடிவம், அங்கே கிடைத்ததுதான். அந்தக் கணக்கைச் சிலேட்டு விஷயத்தில் மாற்றியது எது தெரியுமா? கல்லறைக்கற்கள். லெஸ்டருக்குப் பக்கத்தில் ராட்பி ஊர் சர்ச் வளாகத்தில், வழவழப்பாகத் தேய்த்த சிலேட்டு முகத்தில், புழு போன்ற ஏதோ ஓர் உயிர் கடலடிச் சேற்றில் வளை தோண்டிய தடம் தெரிந்தது. டெய்கிக்னஸ் என்று பெயர். அப்படிப்பட்ட வளைகள் கேம்பிரியன் காலத்திலிருந்துதான் உண்டு. எனவே பாறையும் நினைத்ததைவிட இளையது. குழிகளில் யாருக்கும் கண்ணில் படாதது, கல்தச்சர் தேய்த்துக் கொடுத்த முகத்தில் தெரிந்தது.

தம்பி, உங்கள் கல்லில் தேவதையின் இடது சிறகுக்கு மேலே பச்சையும் ஊதாவுமாக ஒரு பட்டை ஓடுகிறது, மகளிடம் காட்டுங்கள். அது புழுத்தடம் இல்லை, வெறும் சேற்றுப் படிவின் அடுக்கு. ஆனால் அதுவும் கடலடிதான்.

மார்ச் 25

இன்றைக்கு அந்த விவசாயியின் கணக்கில் புத்தாண்டு.

ஏப்ரல் 6

இங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் இன்று வரி ஆண்டு பிறக்கிறது. ஏன் இந்தத் தேதி என்றால் அதே மார்ச் 25-தான். 1752-இல் ஜனவரி 1-க்கு வருடத்தை மாற்றியதோடு, செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன் என்று 11 நாளைத் தூக்கினார்கள். கணக்கு வழக்கில் யாரும் 11 நாள் நஷ்டப்படக் கூடாது என்று பழைய நாளை அத்தனை நாள் தள்ளி வைத்தார்கள்.

25-உடன் 11 கூட்டினால் ஏப்ரல் 5 அல்லவா என்று கேட்டவருக்கு: சரியான கேள்வி. மீதி ஒரு நாளுக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். பழைய வருடம் மார்ச் 25-ஆம் தேதியோடு முடிந்ததாக எண்ணினார்கள் என்பது ஒன்று. 1800-இல் இன்னொரு நாள் தள்ளினார்கள் என்பது மற்றது. எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

ஏப்ரல் 14

இன்று மறுபடி போனோம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டதால் இப்போது அந்த வெளிச்சம் ஒரு மணிக்கு மேல்தான் வருகிறது. மகள் அதைத் தானே கணக்குப் பண்ணி, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

சர்ச் வார்டன் அம்மா கல்லின் அடியில் இருந்த புல்லைக் கைக்கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். மண்ணைத் தோண்டவில்லை, அதற்கு மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். புல் போனதும் இன்னும் மூன்று வரி வெளியே வந்தது. மனைவி. 'ரெலிக்ட்' என்று இருக்கிறது, விட்டுச்செல்லப்பட்டவள், அதாவது கைம்பெண். இறந்தது 1754 ஜனவரி, தன் வயதின் 80-ஆவது வருடத்தில். கீறிய கோடுகள் இந்த வரிகளுக்குக் கிடையாது, எழுத்தும் கொஞ்சம் சாய்ந்து ஓடுகிறது. வேறு கை. முதல் கல்தச்சர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஜனவரிதான், ஆனால் சாய்கோடு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மகளே சொன்னாள்: 'இது மாத்தினதுக்கு அப்புறம், ஆன்ட்டி. அதான் ஒரே வருஷம்.' அப்புறம் நோட்டில் கழித்துப் பார்த்தாள். முதலில் 23 என்று எழுதி, அடித்து, ஒரு மாதம் குறைய 22 வருடம் என்று எழுதினாள். அவ்வளவு காலம் அந்த அம்மா தனியாக இருந்திருக்கிறார். வயதுக்கு நேராக '79 முடிஞ்சுது, 80 நடக்குது' என்று தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அப்பாவைக் கேட்டாள்.

கடைசி வரியில் எழுத்துகளின் தலை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.